பக்கெட்டிலிருந்து தொடங்கு

காரைக்குடி

அன்புள்ள நண்பா,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. ஆச்சியும் பிள்ளைகளும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கும் சுகமே.

டிராக்லைன் மாடல் செய்ய 22-ஆர்பி என்ற மண் அள்ளும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பியும் அமெரிக்காவின் பியூசைரஸ்-எரியும் கூட்டுச் சேர்ந்து 1930-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் தொடங்கிய ரஸ்டன்-பியூசைரஸின் இயந்திரங்களில் அதிகம் பேர் அறிந்தது அதுதான். ஒரே உடம்பில் முன்பக்கத்தை மட்டும் மாற்றி ஷவல், டிராக்லைன் (வடத்தில் தொங்கும் பக்கெட்டைத் தன் பக்கம் இழுத்து மண் அள்ளுவது), கிரேன், கிராப் என்று எதுவாகவும் ஓட்டலாம். 1:12 அளவும் வசதி. அசலில் ஒரு அடி, உனக்கு ஒரு அங்குலம். 40 அடி பூம், அதாவது பக்கெட் தொங்கும் நீண்ட கை, 40 அங்குலம். கணக்குப் போடவே வேண்டாம்.

ஆனால் கேபினில் ரிவெட் பதிக்கத் தொடங்கிவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். அதை எடுத்து மேலே வை. டிராக்லைன் மாடல் ஓடுவதும் ஓடாமல் போவதும் பக்கெட்டிலும் வடத்திலும் இருக்கிறது. அவை இரண்டும் சரியாக நின்ற பிறகுதான் வடம் சுற்றும் டிரம் எங்கே, மோட்டார் எங்கே, பின்பாரம் எவ்வளவு என்பது தெரியும். கேபின் அவற்றை மூடும் தகரம், அவ்வளவுதான்.

டிராக்லைன் பக்கெட்டை மண்ணுக்குள் அழுத்த எதுவும் கிடையாது. தன் எடையால்தான் அது கடிக்கும். எடையோ அளவின் மும்மடியில் குறையும். 1:12 என்றால் 1728-இல் ஒரு பங்கு. அசல் பக்கெட் முக்கால் கன கஜம் என்று எடுத்துக்கொண்டால் உன்னுடையது சுமார் 330 மில்லி கொள்ளும். ஏறக்குறைய 7 செ.மீ. பக்கமுள்ள பெட்டி. அதை 0.8 மி.மீ. பித்தளைத் தகட்டில் செய்தால் கூடு மட்டும் 130 கிராம் வரும். 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக்கில் எடுத்தால் அதிலும் பாதி இருக்காது. இரண்டும் மணல்மேல் சறுக்கிக்கொண்டு வருமே தவிர அள்ளாது. ஏனென்றால் மணல் 12 மடங்கு சிறுத்துவிடவில்லை, அதே மணல்தான்.

2 மி.மீ. இரும்புத் தகடு எடு. கூடு 300 கிராம், அதோடு வாய்க்கு மேலே வளைந்து நிற்கும் ஆர்ச், பற்கள், சங்கிலி, சங்கிலிகளை விரித்துப் பிடிக்கும் ஸ்பிரெடர் கம்பி எல்லாம் சேர்ந்து 450 முதல் 500 கிராம் ஆகும். கேஸ் வெல்டிங் பட்டறையில் பித்தளைக் கம்பி வைத்துப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். எடை போதவில்லை என்று பின்பக்கம் ஈயம் ஒட்டாதே, வாய் தூக்கிக்கொள்ளும். கூட்ட வேண்டுமானால் பற்களுக்குப் பின்னால், அடித்தகட்டில் கூட்டு.

பக்கெட்டைத் தூக்கும் சங்கிலியின் காதுகள் எடைமையத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கவேண்டும், 5 மி.மீ. போதும். அப்போதுதான் பக்கெட்டை இயந்திரத்தை நோக்கி இழுக்கும் இழுவடம் தளர்ந்ததும் வாய் கவிழ்ந்து மண் கொட்டும். அதைக் கவிழாமல் பிடித்து வைப்பது கொட்டுவடம்: இழுவடமும் இழுசங்கிலியும் கூடுமிடத்தில் தொடங்கி, தூக்குசங்கிலியில் தொங்கும் சின்னப் புல்லியைச் சுற்றி, ஆர்ச்சின் நெற்றியில் வந்து முடியும். இதன் நீளத்தைப் படம் பார்த்து வெட்டாதே. நீளமானால் தூக்கும்போதே வாய் தொங்கி மண் சிந்தும். குட்டையானால் இழுக்கும்போது மூக்கு எழும்பி, பற்கள் மண்ணைத் தொடாது. பக்கெட்டைத் தொங்கவிட்டு இழுவடத்தை இறுக்கிப் பார், வாய் 10 முதல் 15 டிகிரி மேல்நோக்கி இருந்தால் சரி. அதுவரை முடிச்சுப் போடாமல் சின்ன ஸ்குரூ கிளாம்ப் வைத்துக்கொள். இழுசங்கிலி மாட்டும் கன்னத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக 4 மி.மீ. இடைவெளியில் மூன்று துளை போடு. மேல் துளையில் மாட்டினால் ஆழமாகக் கடிக்கும், கீழ்த் துளையில் மேலோட்டமாகச் சீவும்.

அடுத்தது வடம். எஃகுக் கம்பிவடம் பார்க்க அழகு. ஆனால் இத்தனை சின்னப் புல்லியில் சுருள் விழுந்து, விழுந்த இடத்திலேயே பிரியும். மீன்பிடிக்கும் பின்னல் நூல் 1 மி.மீ. கருப்பு நிறத்தில் வாங்கிக்கொள், போதும். பூம் நுனிப் புல்லி 30 மி.மீ.க்குக் குறையவேண்டாம், காடி ஆழமாகக் கடைந்து தரச்சொல்லி லேத் பட்டறையில் சொல்.

டிரம்மை அசலின் படத்தைப் பார்த்து அகலமாகச் செய்ய நினைத்திருக்கிறாய். வழிகாட்டிப் புல்லிக்கும் டிரம்முக்கும் உன் வரைபடத்தில் 20 செ.மீ.தான் இருக்கிறது. வடம் நேர்கோட்டிலிருந்து 2 டிகிரிக்கு மேல் விலகினால் ஒழுங்காகச் சுற்றாது, ஒரு மூலையில் குவியும். 20 செ.மீ. தூரத்தில் 2 டிகிரி என்பது இரண்டு பக்கமும் 7 மி.மீ. ஆக, டிரம்மின் அகலம் 14 மி.மீ. விட்டம் 25 மி.மீ. வைத்தால் ஒரு சுற்று 78 மி.மீ., ஓர் அடுக்கில் 13 சுற்று, அதாவது ஒரு மீட்டர். இரண்டாம் அடுக்கோடு வேலை முடிந்துவிடும். விளிம்பை மட்டும் உயரமாக வை.

மோட்டார் 12 வோல்ட், 37 மி.மீ. கியர் மோட்டார், 60 ஆர்பிஎம். நொடிக்கு 8 செ.மீ. வடம் ஏறும். மண்ணோடு பக்கெட் ஒரு கிலோ. டிரம்மின் ஆரம் 1.25 செ.மீ.; ஆகவே தூக்க 1.25 கிலோ-செ.மீ. போதும். இழுக்கும்போது பல் சிக்கினால் மூன்று நான்கு மடங்கு கேட்கும், அதற்கு இடம் விட்டு வாங்கு.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அசலில் டிரம் கிளட்ச்சில் ஓடும். கிளட்சை விட்டால் தானாகச் சுழன்று வடத்தை விடும், பிரேக் பட்டையால் நிறுத்துவார்கள். கியர் மோட்டாரில் அது கிடையாது. வடத்தை விடவும் மோட்டாரைத்தான் ஓட்டவேண்டும். பக்கெட் தரையில் உட்கார்ந்த பிறகும் விரலை எடுக்காவிட்டால் டிரம்மில் வடம் தளர்ந்து இடியாப்பமாகிவிடும். ஒவ்வொரு டிரம்மின்மேலும் ஸ்பிரிங் வைத்த ரப்பர் உருளை ஒன்று அழுந்தி நிற்கட்டும். பக்கெட் கனமாக இருப்பதன் இன்னொரு பலன் இது: இறங்கும்போது வடத்தைத் தானே இறுக்கிக்கொள்ளும். இழுவடத்தைச் சட்டென விட்டு, பக்கெட்டைப் பூம் நுனிக்கு அப்பால் வீசும் வித்தையை இப்போதைக்கு மறந்துவிடு. அதற்கு டிரம்முக்கும் மோட்டாருக்கும் நடுவில் சர்வோ என்ற சின்ன மோட்டார் கையால் விலகும் கிளட்ச் வேண்டும். முதல் மாடலுக்கு அது தேவையில்லாத தலைவலி.

தூக்கும் வடம், இழுக்கும் வடம் இரண்டையும் ஒரே நேரத்தில் இறுக்கினால் நடுவில் மாட்டுவது பூம். டிரம் அச்சில் தோல் வாஷர் வைத்த நழுவும் கிளட்ச் போட்டுவிடு. பக்கெட் பூம் நுனியில் மோதாமல் ஒரு மைக்ரோ சுவிட்ச், அதன் குறுக்கே, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 3 ஆம்பியர் டயோடு: ஏறுவது நிற்கும், இறங்குவது நடக்கும்.

பூமுக்கு 5 மி.மீ. சதுரப் பித்தளைக் குழாய் நான்கு, குறுக்குக்கு 2 மி.மீ. கம்பி. மூலைகளையும் இரு முனைகளையும் வெள்ளிப் பொடிவைத்துப் பற்றவைக்க நம் ஊர் பத்தர்களைவிடக் கைதேர்ந்தவர் யார்? வெண்காரமும் ஊதுகுழலும் அவர்களிடம் எப்போதும் தயார். குறுக்குக் கம்பிகளுக்குச் சாதாரண ஈயப் பற்றே போதும். ஒரு பக்கமாகத் தொடர்ந்து பற்றவைத்தால் சூட்டில் வில்லாக வளையும். பழைய தேக்குப் பலகையில் ஆணியடித்துக் கட்டி, பக்கம் மாற்றி மாற்றிப் போகச்சொல்.

பின்பாரக் கணக்கு. பூம் 45 டிகிரியில், பக்கவாட்டில் திரும்பி நிற்கும்போதுதான் ஆபத்து. பூம் கால் மையத்திலிருந்து 8 செ.மீ. முன்னால், நுனி 80 செ.மீ. தூரத்தில். ட்ராக்கின் (அடியில் ஓடும் சங்கிலிப் பட்டையின்) விளிம்பு 10 செ.மீ.; கவிழ்வது அந்த விளிம்பின்மேல் என்பதால் தூரத்தை அங்கிருந்து அளக்கவேண்டும். ஒரு கிலோ பக்கெட்டுக்கு 70, 450 கிராம் பூமுக்கு 15, மொத்தம் 85 கிலோ-செ.மீ. கவிழ்க்கப் பார்க்கும். ஒன்றரை மடங்கு பாதுகாப்புக்கு 128. அடிவண்டி 2.5 கிலோ இருந்தால் 25 கொடுக்கும். மீதி 103-ஐ மேலுடம்பு தரவேண்டும்; அதன் எடைமையம் மையத்துக்கு 18 செ.மீ., அதாவது அந்த விளிம்புக்கு 28 செ.மீ. பின்னால் இருந்தால், சுமார் 3.7 கிலோ. யுபிஎஸ் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஏறத்தாழ 2 கிலோ, நீளம் 15 செ.மீ., குறுக்காகப் படுக்கவைக்கலாம். மோட்டார்கள் போக மிச்சத்துக்கு ஈயம். லித்தியம் பேட்டரி வாங்கிவிட்டு அப்புறம் ஈயம் தேடி அலையாதே.

மேலுடம்பு திரும்பும் வேகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு மீட்டர் வடத்தில் தொங்கும் பக்கெட் 2 நொடிக்கு ஒரு தரம் ஊசலாடும். அசலில் 12 மீட்டர் வடத்தில் அது 7 நொடி. அதனால் மாடல் எப்போதும் படபடப்பாகவே தெரியும். வோர்ம் கியர் வைத்தால் சடக்கென்று நின்று பக்கெட்டை இன்னும் ஆட்டும். சாதாரணப் பல்சக்கரமும், மெல்ல வேகமெடுத்து மெல்ல நிற்கும் வேகக்கட்டுப்பாட்டுக் கருவியும் போடு. ஒரு முழுச் சுற்றுக்கு 15 நொடிக்குக் குறையவேண்டாம்.

ட்ராக் மோட்டார்களுக்கு மையத்தின் வழியே நாலு கம்பி இறக்க, மேலுடம்பு சுழன்றாலும் கம்பி முறுக்காமல் மின்சாரம் கடத்தும் ஸ்லிப் ரிங் வேண்டும். சந்தையில் வரும் சின்னவை ஒரு வளையத்துக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும், இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொள். ட்ராக் செருப்புகளை 3டி பிரிண்டரில் எடுக்கலாம், பிஎல்ஏ பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம். 60 டிகிரியில் இளகும் பொருள், சித்திரை வெயிலில் காருக்குள் விட்டால் முறுக்கிக்கொள்ளும். பிஇடிஜி பிளாஸ்டிக் வாங்கு. ஊசிகளுக்கு 2 மி.மீ. சைக்கிள் ஸ்போக் கம்பி அளவாகப் பொருந்தும்.

ஓட்டிப் பார்க்க உங்கள் கண்மாய் வண்டல் உதவாது, பக்கெட்டில் அப்பிக்கொள்ளும். காய்ந்த செம்மண்ணோ கல்லாகிவிடும். சலித்த ஆற்று மணலை லேசாக ஈரப்படுத்தி, பெரிய தட்டில் கொட்டி, வளவு முற்றத்தில் வை. ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் ஓட்டினால் ஆச்சி உன்னையும் இயந்திரத்தையும் சேர்த்து வெளியே அனுப்புவார்.

பக்கெட்டை வெட்டுமுன் அடித்தகட்டின் வரைபடத்தையும் காது வரும் இடத்தையும் எனக்கு அனுப்பு. எடைமையத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்