போட்டி நடத்துற குழுவுக்கு: டோட்டாவையும் திருப்பிச் சேருங்க

நம்ம வட்டார மின்விளையாட்டுப் போட்டியை நடத்துற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்ல நீங்க போட்ட போஸ்டரைப் பாத்தோம். இந்த வருஷம் டோட்டா 2 கிடையாது, போக்கிமான் யுனைட் மட்டும்தான் (ரெண்டுமே அஞ்சு பேருக்கு அஞ்சு பேர் மோதுற வீடியோ கேம்), ஏற்கெனவே பதிஞ்ச டீமெல்லாம் 'தானாகவே மாற்றப்படும்'னு கீழ ஒரு வரி. நாங்க கட்டின 50 சிங்கப்பூர் வெள்ளியும் (டாலர்) அதோட சேந்து தானா மாறிடுச்சு போல. ஏன் மாத்துனீங்கங்கிற கதை உங்களுக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும், அதைக் கிளற வரல. கேக்குறது ஒண்ணே ஒண்ணு. யுனைட் இருக்கட்டும், டோட்டாவையும் திருப்பிச் சேருங்க.

யுனைட் மேல எனக்குக் கோவம் எதுவும் இல்லைங்க. என் அக்கா பொண்ணுக்கு ஒன்பது வயசு, ரெண்டே மேட்ச்ல பிடிச்சுக்கிட்டா. அடிச்சுப் புள்ளி சேக்கணும், எதிராளியோட கோல்ல கொண்டுபோய்ப் போடணும், பத்து நிமிஷத்துல ஆட்டம் முடிஞ்சுது. நடுவுல தங்கம் சேத்துக் கடையில பொருள் வாங்குற தலைவலி இல்ல, நூத்துக்கும் மேல ஹீரோவைப் படிச்சு வைக்கிற வேலையும் இல்ல. சிராங்கூன்ல ரயில் ஏறி லிட்டில் இந்தியாவுல இறங்குறதுக்குள்ள நானே ஒரு மேட்ச் முடிச்சிருக்கேன். நல்ல கேம்தான். ஆனா அது வேற கேம், அதைத்தான் நீங்க பாக்க மாட்டேங்கிறீங்க.

எங்க டீம்ல 5வது பொசிஷன், அதாவது மத்தவங்களுக்குத் துணையா ஆடுற தம்பி, இப்ப கட்டாய தேசிய சேவையில இருக்கான். புக் அவுட் ஆனா, அதாவது முகாம்லேர்ந்து லீவுல வெளிய விட்டா, வீட்டுக்குக்கூடப் போகாம பையோட நேரா நாங்க கேம் ஆடுற லேன் கடைக்கு வந்துடுவான், வர்ற வழியில வாங்குன பரோட்டாவை ஒரு கையில பிடிச்சுக்கிட்டே கம்ப்யூட்டரை ஆன் பண்ணுவான். சட்டைப் பையில ஒரு குட்டி நோட்டு. ஒரு பக்கத்துல டியூட்டி லிஸ்ட், அடுத்த பக்கத்துல பேனாவால வரைஞ்ச டோட்டா மேப், எங்கெங்க வார்டு (எதிரி வர்றதைக் காட்டிக் கொடுக்குற கண்காணிப்புக் கம்பு) வைக்கணுமோ அங்கெல்லாம் பெருக்கல் குறி. ஒரு வார்டு ஆறு நிமிஷம்தான் நிக்கும், எப்ப வெச்சோம் எப்ப போகும்னு அவன் மனசுக்குள்ளயே கணக்கு ஓடிக்கிட்டிருக்கும். 53வது செகண்டுல போய் காட்டு மிருகத்தை ஒரு தட்டுத் தட்டி வெளிய இழுத்துட்டு வருவான், நிமிஷம் புரளும்போது காலியான இடத்துல புதுசா ஒரு கூட்டம் வந்து நிக்கும், இதுக்குப் பேருதான் ஸ்டாக். ரெண்டு கூட்டத்தையும் சேத்து அப்புறமா அடிச்சுக் காசாக்குறது கேரி ஆடுற நான், அதாவது காசு சேத்துப் பலமாகி டீமை ஜெயிக்க வைக்க வேண்டியவன். இவனுக்கு அதுல ஒரு பங்குதான் கிடைக்கும். மேட்ச் முடிஞ்சு பாத்தா ரெண்டு கில், பதினாலு சாவுன்னு இருக்கும், பாக்குறவங்க சிரிப்பாங்க. மத்த நாலு பேரும் உயிரோட இருந்தது யாராலன்னு எங்களுக்குத் தெரியும். நாலு மாசம் இப்படித்தான் பயிற்சி எடுத்தோம்.

போஸ்டரைப் பாத்துட்டு அவன் கேட்டது இவ்ளோதான்: "அப்ப நான் என்னண்ணே பண்றது?" யுனைட்ல எல்டிகாஸ், பிளிசின்னு கூட இருக்குறவங்களைக் காப்பாத்துற போக்கிமான் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா வார்டு கிடையாது, ஸ்டாக் கிடையாது, அந்த நோட்டுல இருக்குற எதுக்கும் அங்க வேலை கிடையாது. நான் என்ன பதில் சொல்ல? நீங்களே சொல்லுங்க.

'புதியவர்களுக்கு எளிது'ன்னு போட்டிருந்தீங்க. (அந்தத் தமிழ் வரியில கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமா உடைஞ்சு கிடந்துச்சு, அச்சடிக்கிறதுக்கு முன்னாடி தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டினா என்னங்க, வருஷா வருஷம் இதே கூத்து.) எளிதா இருக்கணும்னா கேரம்ல சிவப்புக் காயை எடுத்துடலாமே, சீக்கிரம் முடியும். செஸ்ல குதிரை கோணலா போகுது, குழந்தைங்க குழம்புறாங்க, அதையும் நேரா போகச் சொல்லிடலாம். சுலபமா இருந்தா கூட்டம் தானா வரும்னு ஒரு கணக்குன்னா, 2015ல ஹீரோஸ் ஆஃப் தி ஸ்டார்ம் வந்துச்சே, பொருள் வாங்க வேணாம், லெவல்கூட டீம் மொத்தத்துக்கும் ஒண்ணுதான், எனக்கும் ரொம்பப் பிடிச்ச கேம். 2018 டிசம்பர்ல அதை உருவாக்குன பிலிசார்டே அதோட தொழில்முறை லீக்கை நிறுத்திடுச்சு. டோட்டா 2003ல வார்கிராஃப்ட் 3ங்கிற கேமுக்குள்ள ஒரு மேப்பா ஆரம்பிச்சது, இன்னும் ஆடிக்கிட்டுதான் இருக்கோம்.

2022 அக்டோபர்ல டோட்டாவோட உலகப் போட்டியான தி இன்டர்நேஷனல் இறுதிச் சுற்று நம்ம சிங்கப்பூர் உள்ளரங்கு விளையாட்டரங்கத்துல நடந்துச்சு. டுண்ட்ரா டீம் ஜெயிச்ச அன்னிக்கு உங்க குழுவுல மூணு பேர் அங்கேர்ந்து செல்ஃபி போட்டீங்க, நான்கூட லைக் போட்டேன். அப்ப டோட்டா கஷ்டமா தெரியலையா?

சரி, கோவத்துல வார்த்தை கொஞ்சம் தடிச்சுடுச்சு, மன்னிச்சுக்குங்க. நீங்களும் சம்பளம் வாங்காம, வேலை முடிச்சு வந்துதான் இதெல்லாம் செய்றீங்கன்னு தெரியும். ஹால் ஆறு மணிக்குக் காலி பண்ணணும், கம்ப்யூட்டர் பத்தாதுங்கிறீங்க, நியாயம்தான். எங்க யோசனை இது: நாலு டீம் மட்டும் வெச்சுக்கலாம், ரெண்டு அரையிறுதியும் பக்கத்துப் பக்கத்துல ஒரே நேரத்துல, அப்புறம் ஒரே ஒரு மேட்ச்ல ஃபைனல். இழுத்துப்பிடிச்சாலும் மூணு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். அவங்கவங்க மடிக்கணினி அவங்கவங்க கொண்டு வர்றோம், எக்ஸ்டென்ஷன் வயர், மேசை தூக்குறது எல்லாம் எங்க பொறுப்பு. யுனைட் அதுபாட்டுக்கு மேடையில நடக்கட்டும், எங்களுக்குப் பின்னாடி ஒரு மூலை போதும்.

டோட்டாவையும் திருப்பிச் சேருங்கன்னு தயவுசெஞ்சு கேட்டுக்குறோம். முடியாதுன்னா அந்த 50 வெள்ளியையாவது திருப்பிக் கொடுத்துடுங்க. தம்பி அடுத்த வெள்ளிக்கிழமை புக் அவுட் ஆகுறான், எட்டு மணிக்கு லேன் கடையில இருப்பான், நோட்டையும் எடுத்துட்டு வருவான். அதுக்குள்ள ஒரு வரி பதில் போட்டீங்கன்னா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
டீமோட 1வது பொசிஷன் (கேரி)