திமிங்கிலம் பார்க்கச் சம்பளம்

மக்கா,

உவரி அந்தோணியார் திருவிழாவுக்கு வாரேன்னு சொல்லிட்டு வராதவன் நீ. நாலு மாசமா கடிதம் போடாதவன் நான். கணக்கு நேர். இங்க எல்லாரும் சுகம், அம்மைக்குத்தான் முட்டுவலி. ரைட்டர் இன்னும் இருக்காரு. நீ குடுக்க வேண்டிய இருநூறு ரூபாயையும் மறக்கலை.

விஷயம் என்னன்னா, அக்கா மவனுக்கு அலாஸ்காவில வேலை. துறைமுகம் கட்டுத இடத்துல பைனாகுலரை வச்சுக்கிட்டுக் கடலைப் பாக்கணும், அவ்வளவுதான். திமிங்கிலம், சீல் எது தலைகாட்டினாலும் இவன் கையைத் தூக்கினா வேலை நின்னுரும். நம்ம அப்பன்மாரு ஆயுசு பூரா சும்மா பாத்த கடலை இவன் சம்பளம் வாங்கிப் பாக்கான். அத்தான் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்காரு.

ராத்திரி போன்ல அவன்கிட்ட கேக்கக் கேக்க எனக்குச் சிரிப்பு போயிட்டு. கடலடியில அறையுற இரும்புத் தூணுக்குப் பைல்னு பேரு. அதை அடிக்கிற சத்தம், காத்துல போறதைவிட நாலு மடங்குக்கு மேல வேகமா தண்ணியில ஓடும். காதாலயே வழி பாக்கிற உசுருக்கு அது கண்ணுல குத்தினது மாதிரி. அதனால அரை மணி நேரம் முந்தியே கடல் காலியா இருக்கான்னு பாக்கணும். பிறகு பைலை மெதுவா மூணு தடவை அடிக்கணும், 30 செகண்டு சும்மா, மறுபடி மூணு. 'போங்கலே, பெரிய அடி வருது'ன்னு கதவைத் தட்டுத மாதிரி. சில இடத்துல பைலைச் சுத்தி ஓட்டைக் குழாய் போட்டுக் காத்தடிச்சு, குமிழியாலயே வேலி கட்டுதாங்க.

இதுல ஒரு முள்ளு தொண்டையில சிக்கிட்டு. இந்த வேலைக்கு ஒரு பெர்மிட் வாங்கணும். அது 'தொந்தரவு செய்யாதே'ங்கிற சீட்டு இல்லை மக்கா. இந்த வேலையில சீல் இத்தனை, திமிங்கிலம் இத்தனை தொந்தரவுபடலாம்னு எண்ணிக் குடுக்கிற சீட்டு. கூடிப்போனா ஒரு வருசம் செல்லும். நோவாங்கிற அவங்க அரசுத் துறை அதை அரசிதழ்ல போட்டு, 30 நாள் சனங்க கருத்தைக் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடும். குடுத்த எண்ணிக்கை முடிஞ்சிட்டுன்னா, அந்த இனம் கிட்ட வந்தாலே வேலையை நிறுத்தணும். 'தொந்தரவு பண்ணவும் லைசென்சாலே'ன்னு முதல்ல கோவம் வந்துது. விடியுறதுக்குள்ள கோவம் வேற பக்கம் திரும்பிட்டு. இங்க யாரு எண்ணுதா?

திமிங்கிலம், சீலைக் காக்கிற அவங்க சட்டம் 1972. நம்ம வனவிலங்குச் சட்டமும் 1972தான், ஒரு மாசம் மூப்பு வேற. ஓங்கலும் (டால்பின்தான்) ஆவுளியாங்கிற கடல்பசுவும் அதுல முதல் அட்டவணையில புலிகூட உக்காந்திருக்கு. போன மாசம் இங்க தூண்டில் வளைவு வேலைக்கு, அதான் கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள்ள கல்லு கொட்டிக் கட்டுத சுவருக்கு, கூட்டம் போட்டாங்க. 'கல்லு கொட்டும்போது ஓங்கல் வந்தா நிறுத்துவீங்களா'ன்னு கேட்டேன். மேடையில இருந்தவரு சிரிச்சாரு. அது போட்டும், நம்ம ஆளுகளும் சேந்து சிரிச்சாங்க. வளைவு வேண்டாம்னு நான் சொல்லலை. உங்க பழைய வீட்டு வாசல் இப்ப தண்ணிக்குள்ள, எனக்குத் தெரியாதா?

2016 பொங்கலுக்கு முந்தி மணப்பாட்டுக்கு ஓடினோமே. 80-க்கு மேல பைலட் திமிங்கிலம் கரை ஒதுங்கிக் கிடந்துது. வள்ளத்துல கட்டி ஆழத்துல கொண்டு விட்டாலும் கூட்டத்தைத் தேடித் திரும்பிக் கரைக்கே வந்துது. எந்தத் துறைமுகத்து மேலயும் அந்தப் பழியை நான் போடலை. ஆனா வாயாடி நீ, அன்னைக்கு ஒண்ணோட நெத்தியில கையை வச்சுக்கிட்டு சாயங்காலம் வரை பேசாம இருந்தே. கூட்டத்துல அவங்க சிரிக்கையில அதுதான் ஞாபகம் வந்துது.

மும்பை சோர் பஜார்ல பழைய பைனாகுலர் சல்லிசுன்னு சொன்னியே, ஒண்ணு அனுப்பு. கல்லு இறக்குத அன்னைக்கு மொட்டை மாடியில நின்னு நானே எண்ணப்போறேன். நோட்டு வாங்கியாச்சு. கருப்பட்டி ரெண்டு கிலோ லாரியில போட்டிருக்கேன். மைனிகிட்ட குடு, நீ தொடாதே, சுகர் ஏறும்.

ரைட்டர் காசையும் அதோட அனுப்பிரு.

உன்
கடைசி பெஞ்சு