பிராட்வேயில் தெருவையும் சேர்த்து வரையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னை பிராட்வே பேருந்து நிலையத்தையும் பக்கத்திலுள்ள குறளகம் கட்டடத்தையும் இடித்துவிட்டு அடுக்குமாடிப் பேருந்து வளாகம் கட்டும் திட்டம் பற்றி உங்கள் நாளிதழில் படித்தேன். வரட்டும், நல்லதுதான். ஆனால் பேருந்தை விட்டு இறங்குகிறவர் அப்புறம் எங்கே நடப்பார்? 2019-இல் மண்ணடிக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் மெட்ரோ வந்தபோதும் இதே கதைதான். சுரங்கத்துக்குள் பளபளப்பு, மேலே ஏறி வந்தால் கால் வைக்க இடமில்லை.

பிராட்வேயைச் சுற்றியுள்ள ஜார்ஜ் டவுனில் தெருக்களுக்குப் பஞ்சமில்லை. தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு எல்லாம் நூல் பிடித்தாற்போல் இணையாக ஓடுபவை. அவற்றை அடைத்துக்கொண்டிருப்பது சரக்கு. பகல் முழுக்கக் குட்டியானையும் மீன்பாடி வண்டியும் நிற்கின்றன. முற்றம் வைத்த வீடுகள் ஒவ்வொன்றாகக் குடோனாகிவிட்டன. குடியிருந்தவர்கள் புறநகருக்குப் போய்விட, கடை அடைத்தபின் பல தெருக்களில் ஆளரவமே இல்லை.

1996-இல் இங்கே இருந்த கொத்தவால்சாவடியின் மொத்தக் காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. அப்போதே அந்தத் தெருக்களை நடக்கவும் உட்காரவும் ஏற்றபடி மாற்றியிருக்கலாம். இன்றும் அங்கே நெரிசல்தான்.

தியாகராய நகர் பாண்டி பஜார் நடைபாதையை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் வேலைக்காகாது. அங்கே வாங்கிப்போவது பையளவு, இங்கே லாரியளவு. கிரானைட் பதித்த மறுநாளே அதன்மேல் மூட்டை ஏறும். சுவரில் ஓவியம் தீட்டுவதெல்லாம் போட்டோவுக்குச் சரி. முதலில் சரக்கு ஏற்றி இறக்க இரவிலும் விடியற்காலையிலும் நேரம் ஒதுக்கி, தெருமுனைகளில் அதற்கென்று இடம் குறித்துக் கொடுக்க வேண்டும். இரவு வேலைக்குச் சுமை தூக்குபவர்களின் கூலியை வணிகர் சங்கங்கள் உயர்த்தித்தான் ஆகவேண்டும். பகலில் தெரு காலியானால்தான் வேம்பும் புங்கையும் வைக்க முடியும், கழிப்பறைக்கு இடம் கிடைக்கும், வயதானவர்கள் காளிகாம்பாள் கோயிலுக்கு நடந்து போக முடியும்.

இன்னொன்று. பழைய ஜெயில் சாலையில், அந்தக் கால நகர மதிலின் மிச்சத்தின் மேலேயே மாடிப்பூங்கா இருக்கிறது. இந்தப் பக்கம் வளர்ந்த பலருக்கே அது தெரியாது. புதிய வளாகத்திலிருந்து பிரகாசம் சாலை வழியாக அதுவரை நிழலில் நடந்துபோக ஒரு பாதை போட்டாலே அந்தப் பூங்காவுக்கு ஆள் வரும்.

வளாகத்தின் வரைபடத்தோடு சுற்றியுள்ள தெருக்களுக்கான வரைபடமும் இருக்கிறதா என்று உங்கள் நிருபர்கள் மாநகராட்சியிடம் கேட்டு எழுத வேண்டும்.

– வாசகர், மண்ணடி, சென்னை