பொருள்: சூடானால் செல்ஃப் எடுக்காத ஸ்டார்ட்டர் மோட்டார் – நான்காவது புகார்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். முன்பு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. அதனால் இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பிரித்துப் புதுப்பித்து, வாரண்டியோடு தந்த ஸ்டார்ட்டர் மோட்டார் என் பழைய காரில் இருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பினால் உடனே செல்ஃப் எடுக்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும். ஆறவிட்டால் மறுபடியும் எடுக்கும். சில நாள் சூட்டிலும் எடுத்துவிடும், அதுதான் இன்னும் கொடுமை.

முதலில் பேட்டரி என்றீர்கள். மாற்றினேன். அப்புறம் பேட்டரி மைனஸை என்ஜினோடு சேர்க்கும் எர்த் வயர் என்றீர்கள். அதில் நியாயம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். செல்ஃப் சுற்றும்போது அளந்ததில் பேட்டரி மைனஸுக்கும் என்ஜினுக்கும் நடுவே 0.8 வோல்ட் வீணாவதாகக் காட்டியது. பெயின்ட்டைச் சுரண்டி, புது வயர் போட்டு முடுக்கியபின் 0.1. ஆனால் சூட்டில் அதே 'டக்'தான்.

இனி உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்த மூன்றாவது பயணத்தைச் சொல்ல வேண்டும். "கோளாறு தெரியும்போதே கொண்டுவாருங்கள்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதற்காக ஒன்றரை மணி நேரம் ஓட்டி, என்ஜின் கொதிக்கக் கொதிக்க வாசலில் வந்து நின்றேன். சாவியைத் திருப்பிக் காட்டினேன். 'டக்'. ஆனால் பார்க்க ஆள் வரவில்லை. டோக்கன் போட்டு உட்காரச் சொன்னார்கள். இரண்டே கால் மணி நேரம்! வண்டி முழுக்க ஆறியபின் ஒருவர் வந்து சாவியைத் திருப்பினார், முதல் தடவையிலேயே எடுத்தது. "கோளாறு எதுவும் இல்லை" என்று சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், தேவைப்படும்.

அன்று திரும்பும் வழியில் ஓரிடத்தில் நிறுத்தினேன். பிறகு முன்பின் தெரியாத நான்கு பேர் தள்ளித்தான் வண்டி கிளம்பியது.

வேறு வழியில்லாமல் நானே மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். எடுக்காத நேரத்தில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் வெளிச்சம் துளியும் மங்கவில்லை. பேட்டரி பலவீனம் என்றால் மங்கியிருக்காதா? சாவியைத் திருப்பியதும் பேட்டரி கரண்டை மோட்டாருக்கு விடும் சுவிட்சான சொலினாய்டில், பேட்டரி பக்கத்துப் பெரிய முனையில் 12.3 வோல்ட். சாவியிலிருந்து வரும் சின்ன முனையில் 11.8. மோட்டார் பக்கத்து முனையில் ஒரு வோல்ட்கூட இல்லை. நல்லபடியாக எடுக்கும்போது இரண்டு பெரிய முனையிலும் ஏறக்குறைய 10.6. இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே அந்த இரண்டு பெரிய முனைகளையும் இணைக்கும் செம்புத் தட்டு நகர்கிறது, அதுதான் அந்த 'டக்', ஆனால் கரண்டைக் கடத்தவில்லை. அந்தத் தட்டை மாற்றினீர்களா, அல்லது பழையதையே துடைத்துப் போட்டுவிட்டீர்களா? இது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

இதைப் போனில் கேட்டதற்கு உங்கள் ஊழியர் ஒருவர் சொன்ன பதில்: "வயசான வண்டி சார், காயலான் கடையில போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கிக்குங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். கார் பழையதுதான், ஐயா. ஆனால் ஸ்டார்ட்டர் உங்கள் கையிலிருந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அளவுகளைப் படித்துக் காட்டத் தொடங்கினேன், பாதியிலேயே லைனைத் துண்டித்துவிட்டார். இதைவிட அவர் நேரில் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இந்த ஐந்து மாதத்தில் என் நிம்மதி மொத்தமும் போய்விட்டது. எங்கே போனாலும் சரிவு பார்த்துத்தான் வண்டியை நிறுத்துகிறேன். குடும்பத்தில் யாரும் என்னோடு ஏற மறுக்கிறார்கள். பெட்ரோல் போடும் இடத்தில்கூட என்ஜினை அணைக்கப் பயமாக இருக்கிறது.

உங்கள் வேலையின் மேல் எனக்கு மதிப்பு உண்டு, இல்லாவிட்டால் உங்களிடம் கொடுத்திருக்கவே மாட்டேன். ஆகவே தயவுசெய்து வாரண்டிப்படி சொலினாய்டை மாற்றித் தாருங்கள், அல்லது வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். சூடான வண்டியைச் சூட்டோடு பார்க்க ஒரு ஆளையும் ஒதுக்குங்கள். 15 நாள் காத்திருப்பேன். அதற்குப் பிறகு நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். நான் எழுதி வைத்த அளவுகளும் உங்கள் சீட்டும் பக்கத்துப் பக்கத்தில் அங்கே இருக்கும்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போன் வேண்டாம், குறிப்பாக அந்த ஊழியர் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: நீங்கள் மாற்றச் சொன்ன பழைய பேட்டரி வேறொரு வண்டியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.