ஒரு மணி நேரம் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு 325 கிலோமீட்டர், விமானத்தில் ஒரே மணி நேரம் என்று உங்கள் பயணப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான். ஆனால் அது கோலாலம்பூருக்கான சிப்பாங் விமான நிலையத்துக்கும் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கும் உள்ள கணக்கு. கோலாலம்பூர் நகருக்குள் பிரிக்பீல்ட்ஸில் வீட்டைப் பூட்டிவிட்டு, தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்தில் செருப்பைக் கழற்றுகிறவருக்கு அது உதவாது.

முதலில் திசையைப் பாருங்கள். பினாங்கு வடக்கே இருக்கிறது, சிப்பாங்கோ தலைநகருக்குத் தெற்கே. நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் விரைவு ரயில் ஏறி 57 கிலோமீட்டர், 28 நிமிடம் எதிர்த்திசையில் போகிறோம். அப்புறம் காசு கொடுத்து வடக்கே திரும்பிப் பறக்கிறோம். நகருக்குப் பக்கத்துச் சுபாங் விமான நிலையத்திலிருந்து அளந்தால் பினாங்கு சுமார் 280 கிலோமீட்டர்தான். 1998-இல் சிப்பாங் திறக்கும்வரை சுபாங்தானே நமக்குப் பெரிய விமான நிலையம்?

அந்த ஒரு மணி நேரத்திலும் ஆகாயத்தில் இருப்பது முக்கால் மணி நேரம் போலத்தான். மீதியெல்லாம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும் இறங்கியபின் ஊர்ந்து வருவதிலும் கழியும். ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே விமானம் இறங்கத் தொடங்கிவிடுவதால், முழு வேகத்தில் அது பறக்கும் நேரமும் குறைவு.

சரி, பெட்டியோடு போகிறவர் கணக்கைப் போடுவோம். ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே சிப்பாங்கில் நிற்க வேண்டும். ரயிலுக்குக் காத்திருப்பது தனி. பாயான் லெப்பாஸில் பெட்டி வந்து சேர அரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பாலம். மாலையில் இறங்கினால் தொழிற்சாலைகள் விடும் நேரம். மோட்டார் சைக்கிள்கள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு முந்திப் போக, நீங்கள் காருக்குள் உட்கார்ந்து மீட்டரையோ கடலையோ பார்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டாவது பாலம் விமான நிலையத்துக்குப் பக்கம்தான், ஆனால் அது பட்டர்வொர்த்துக்குத் தெற்கே தள்ளியுள்ள பத்து காவான் என்ற ஊரில் கொண்டுபோய் விடும். எப்படிக் கூட்டினாலும் நாலு மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது.

கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் என்ற விரைவு மின்ரயில் ஏறினாலும் பட்டர்வொர்த்துக்கு அதே நாலு மணி நேரச் சொச்சம்தான். பெட்டி கண்ணெதிரே இருக்கும், வயதானவர்கள் எழுந்து நடக்கலாம். தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் போகிறவர்களுக்கு ரயில் நிலையத்தை ஒட்டியே ஃபெரி.

விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சிப்பாங்கில் வந்து இறங்கிய உறவினரை நகருக்கு இழுத்து வந்து ரயில் ஏற்றுவது வேண்டாத வேலை. அவர் அங்கிருந்தே பறந்து வரட்டும். கைப்பையோடு காலையில் பாயான் லெப்பாஸுக்கு வேலையாக வந்து மாலையே திரும்புகிறவருக்கும் விமானம்தான் சரி.

ஆகவே, அடுத்த முறை இப்படிப் போடும்போது விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு எவ்வளவு, வாசலிலிருந்து வாசலுக்கு எவ்வளவு என்று இரண்டு வரியாகப் போடுங்கள். தீவுக்கும் பெருநிலத்துக்கும் தனித்தனியாகப் போட்டால் இன்னும் நல்லது. தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே அது வந்துவிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பட்டர்வொர்த்