கல்யாண மாப்பிள்ளையாக வந்தவர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவும் நானும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, கைப்பிடியைப் பிடிக்காமலே மாடி ஏறுகிறார்.

நீ போனில் சொன்னதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இரண்டு வரி வசனத்துக்காக நாள் முழுக்க மேக்கப்போடு உட்கார்ந்திருந்தது போதும், இனி நடிப்பு வேண்டாம், கதை எழுதி ஒரு பெரிய ஹீரோவிடம் கொண்டுபோகப் போகிறேன் என்றாய். எழுது, சந்தோஷம். நடிப்பை விடுவதும் அந்தப் பெரிய ஹீரோவும்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. நேரில் சொன்னால் நடுவில் புகுந்துவிடுவாய்.

'மீட் த பேரண்ட்ஸ்' படம் நினைவிருக்கிறதா? பென் ஸ்டில்லர் காதலியின் வீட்டுக்குப் போய், அவள் அப்பா ராபர்ட் டி நீரோவிடம் மாட்டிக்கொண்டு முழிப்பாரே. அந்த வீட்டில் காதலியின் சகோதரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஒரு டாக்டர். அந்த டாக்டர் முகத்தை யோசித்துப் பார், வராது. கல்யாணமே அவருக்குத்தான், ஆனால் ஒருவர் கண்ணும் அவர் பக்கம் போகாது! அவர் பெயர் டாம் மெக்கார்த்தி. நியூ ஜெர்சிக்காரர், யேல் நாடகப் பள்ளியில் படித்தவர். படம் வந்த 2000இல் அவருக்கு வயது 34.

மூன்று வருஷம் கழித்து அவரே எழுதி இயக்கிய முதல் படம் வந்தது, 'தி ஸ்டேஷன் ஏஜென்ட்'. பட்ஜெட் சுமார் 5 லட்சம் டாலர்தான், அமெரிக்கக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. யாருக்காக எழுதினார் தெரியுமா? பீட்டர் டிங்க்லேஜுக்காக. இன்று உலகத்துக்கே தெரிந்த முகம், அன்று யாருக்கும் தெரியாது. உயரம் குறைவான நடிகர் என்றால் கோமாளி வேடம்தான் என்றிருந்த காலம். மெக்கார்த்தி அவரை முன்பே மேடையில் இயக்கியிருந்தார், அவரால் என்ன முடியும் என்று தெரியும். அதனால் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தில் தனியாக வாழ வரும் மனிதனாக அவரை வைத்தார். அவன் வாசலிலேயே காபி வண்டி போட்டிருக்கும் ஒருவன் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பான். இவன் முகத்தில் "என்னை விட்டுவிடேன்" என்பது மட்டும்தான் இருக்கும். வசனம் கொஞ்சம், ஆனால் கண்ணை எடுக்க முடியாது. அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ரசிகர் விருதும் திரைக்கதை விருதும் கிடைத்தன.

அடுத்து 'தி விசிட்டர்', 2007. அதில் ரிச்சர்ட் ஜென்கின்ஸ் கதாநாயகன். வருஷக்கணக்காக யாரோ ஒருவருக்கு அப்பாவாகவும் அதிகாரியாகவும் வந்துபோனவர். அறுபதைத் தாண்டிய பிறகு முதல் ஆஸ்கர் பரிந்துரை, இந்தப் படத்தால். ஓரத்தில் நின்றவருக்குத்தான் ஓரத்தில் நிற்பவரின் அருமை தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய ஹீரோவின் கால்ஷீட்டுக்காக மெக்கார்த்தி காத்திருக்கவில்லை.

இத்தனைக்கும் நடிப்பை விடவில்லை. முதல் படத்துக்கு அப்புறமும் ஜார்ஜ் குளூனி படத்திலும் கிளின்ட் ஈஸ்ட்வுட் படத்திலும் நடித்தார். 2008இல் 'தி வயர்' டிவி தொடரின் ஐந்தாவது சீசன். பால்டிமோர் சன் பத்திரிகையில் ஸ்காட் டெம்பிள்டன் என்ற நிருபர் வேடம். கூசாமல் செய்தி புனைபவன், சொல்லாததைச் சொன்னதாக எழுதுபவன். கடைசியில் அவனுக்குப் பத்திரிகைக்காரர்களின் பெரிய விருதான புலிட்சர் பரிசு வேறு. பார்க்கும்போது எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

அந்த மனிதர்தான் 2015இல் 'ஸ்பாட்லைட்' எடுத்தார். பாஸ்டன் குளோப் பத்திரிகையின் புலனாய்வுக் குழு, கத்தோலிக்கப் பாதிரியார்கள் சிலர் குழந்தைகளிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டதையும் திருச்சபை அதை மூடி மறைத்ததையும் 2002இல் வெளிக்கொண்டுவந்த கதை. பொய்யான நிருபனாக ஒரு சீசன் முழுக்க வாழ்ந்து பார்த்தவருக்கு, நேர்மையான நிருபர் எப்படி உட்காருவார், எங்கே தயங்குவார் என்பது கைவந்திருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் படத்தைப் பார், நிருபர்கள் வசனம் பேசுவதைவிடக் கதவு தட்டுவதும் குறிப்பெடுப்பதும் பழைய டைரக்டரிகளைப் புரட்டுவதும்தான் அதிகம்.

அதில் ஒரு இடம். குழுவில் ஒருவர் தேடிக்கொண்டே போகும்போது, அப்படிப்பட்ட பாதிரியார்களை வைத்திருக்கும் வீடு தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதைக் கண்டுபிடிக்கிறார். செய்தி வெளிவரும்வரை அக்கம்பக்கத்தில் சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்து, அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பெழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுகிறார். அவ்வளவுதான். அந்தக் காட்சி படத்தின் பெரிய நட்சத்திரங்களான மார்க் ரஃபலோவுக்கோ மைக்கேல் கீட்டனுக்கோ போகவில்லை. பிரையன் டார்சி ஜேம்ஸ் என்ற, நீயும் நானும் பெயர் கேட்டிராத நடிகருக்குப் போனது. எனக்கு முழுப் படத்திலும் மறக்காமல் நிற்பது அதுதான்.

சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. ஜாஷ் சிங்கரோடு சேர்ந்து எழுதிய திரைக்கதைக்கும் ஒன்று. வேறு எதுவும் கிடையாது.

எல்லாம் ஏறுமுகம் என்று நினைத்துவிடாதே. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டிவி தொடருக்கு முதலில் எடுத்த பைலட்டை, அதாவது மாதிரி எபிசோடை, அவர்தான் இயக்கினார், அதை ஒளிபரப்பாமல் இன்னொருவரை வைத்துப் பெரும்பகுதியை மறுபடி எடுத்தார்கள். ஸ்பாட்லைட் வந்த அதே வருஷம் ஆடம் சாண்ட்லரை வைத்து எடுத்த 'தி காப்ளர்' தியேட்டருக்கு வந்தது. விமர்சகர்கள் துவைத்துக் காயப்போட்டார்கள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனார், எனக்கும் பிடிக்கவில்லை. பெரிய நட்சத்திரம் இருந்தும் கதை நிற்கவில்லை.

அதனால் அந்த சீரியல்காரர்கள் கூப்பிட்டால் போ. காத்திருக்கும் நேரத்தில் நோட்டை எடுத்துக்கொண்டு போ. உன்னோடு ரூமில் இருக்கிறானே, போலீஸ்காரன் வேடம் மட்டுமே கிடைக்கிற அந்தப் பையன், போன பொங்கலுக்கு இங்கே வந்தபோது அப்பாவைப் போலவே பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தானே, அவனை வைத்து ஒரு கதை யோசித்தாயா?

எழுதிய வரைக்கும் அனுப்பு. கையெழுத்தானாலும் பரவாயில்லை, போட்டோ எடுத்து அனுப்பு. அப்பாவும் படிப்பார், எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா