அந்த எட்டு வரிகளைத் தமிழில் சொல்லிக்கொடுங்கள்

சிங்கப்பூர்ச் சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழுக்களில் தொண்டாற்றும் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பொங்கலுக்குப் பானை வாங்குவதிலிருந்து தீபாவளி விருந்துக்கு நாற்காலி அடுக்குவதுவரை, வேலை முடிந்து வந்த களைப்போடு நீங்கள் செய்வதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன். இது விழா பற்றியது இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்தில் காலை ஏழரை மணிக்கு நடக்கிற, எட்டு அசைவுகள் கொண்ட ஒரு 12 நிமிடப் பயிற்சியைப் பற்றியது. சீனப் பெரியவர்கள் அதைப் பாதுவான்ஜின் என்கிறார்கள்.

என் அம்மாவுக்கு வயது 72. 2022இல் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. கட்டைப் பிரித்து மாதக்கணக்கான பிறகும் வீட்டுக்குள் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடப்பார். பேருந்தில் ஏறவே மாட்டேன் என்றார். ஈரச் சந்தைக்குப் போவது நின்றது, கோயிலுக்குப் போவது நின்றது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நடையைக் குறைத்தால் கால் தசை மெலியும், கால் மெலிந்தால் உண்மையிலேயே விழுவோம் என்று இயன்முறை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பக்கத்தில் தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சியோ பாதுவான்ஜினோ நடந்தால் சேர்ந்துகொள்ளுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

பக்கத்திலேயே நடந்தது. ஈசூனில் எங்கள் புளோக்கிலிருந்து நடக்கிற தூரம்தான். சுமார் முப்பது பேர், ஒருவரைத் தவிர எல்லாரும் சீனர்கள். அந்த ஒருவர் அம்மா.

சொல்லிக்கொடுத்தவர் நல்ல மனிதர். ஆனால் அவர் பேசியது முழுக்க மாண்டரின். அம்மாவைப் பார்த்தால் கையை ஆட்டி, "ஃபாலோ, ஃபாலோ" என்பார். அம்மாவும் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்து மூன்று வாரம் செய்தார். நான்காவது வாரம் ஆறாவது அசைவில், மற்றவர்கள் குனிந்து பாதத்தைத் தொடுகிறார்களே என்று இவரும் சட்டென்று குனிந்து நிமிர்ந்திருக்கிறார். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர். கண் இருட்டிக்கொண்டு வந்து, பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற சீன ஆண்டி இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்திராவிட்டால் அடுத்த எலும்பு உடைந்திருக்கும்.

பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் அந்த அசைவுக்கு முன்னால் பயிற்றுநர் ஓர் எச்சரிக்கை சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்: மெதுவாகக் குனியுங்கள், தலையைத் தொங்கவிடாதீர்கள், இரத்த அழுத்தம் இருப்பவர்கள் முழங்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று வாரமும் அம்மா அதைக் கேட்டிருக்கிறார். காதில் விழுந்தது, புரியவில்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு என்னால் சும்மா இருக்கவும் முடியவில்லை.

அம்மாவைத் தாங்கிப் பிடித்த ஆண்டிதான் பிறகு அவருக்கு ஆசிரியை ஆனார். இருவருக்கும் பொதுவாக இருந்தது பழைய சந்தை மலாய். "பெலான் பெலான்" என்பார் ஆண்டி. மெதுவாக, மெதுவாக. தலை சுற்றுகிறதா என்று கேட்க "பூசிங்?" என்று ஒரே சொல். கம்போங் (கிராமத்து) நாளில் கற்ற அந்த மொழி ஐம்பது வருடம் கழித்து அம்மாவின் காலைக் காப்பாற்றியது. எங்கள் தலைமுறையில் அந்த மலாயும் பலருக்கு இல்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆண்டி சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது. ஒலிப்பதிவில் ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் ஒரு குரல் எதையோ பாடுவது போலச் சொல்லுமே, அது வெறும் எண்ணிக்கை இல்லை. எட்டு அசைவுக்கும் எட்டு வரி. ஒவ்வொரு வரியும் சரியாக ஏழு சீன எழுத்து. அசைவின் பெயரும் அதுதான், செய்முறையும் அதுதான், எதற்காகச் செய்கிறோம் என்பதும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். முதல் வரி, இரு கையாலும் வானத்தை ஏந்து என்கிறது. இரண்டாவது, இடமும் வலமும் வில்லை இழுத்துக் கழுகைக் குறிபார் என்கிறது. நம் சித்த மருத்துவப் பாடல்கள் மாதிரிதான். எழுதப் படிக்கத் தெரியாதவரும் மறக்காமல் இருக்கப் பாட்டாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

வானத்தை ஏந்து என்று கேட்டவுடன் ஒருவர் என்ன செய்வார்? விரல்களைக் கோத்து உள்ளங்கையை மேலே திருப்பி, விலாவும் முதுகும் நீளும்படி முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளுவார். அந்தச் சொல் தெரியாதவர் கையை மேலே தூக்குவார், அவ்வளவுதான். அம்மா மூன்று வாரம் கையைத்தான் தூக்கிக்கொண்டிருந்தார்.

வில் அசைவை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குதிரைமேல் உட்கார்ந்தது போலக் காலை அகட்டி, முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். ஒரு கை விரல்களை மடக்கி நாணைப் பின்னே இழுக்கிறது. வில்லைப் பிடித்த கை பக்கவாட்டில் நீள்கிறது, கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் நிமிர்ந்து, மணிக்கட்டு பின்னால் மடங்கி. கண் சுட்டுவிரலைத் தாண்டித் தூரத்தைப் பார்க்கிறது. அம்மாவின் உடைந்த மணிக்கட்டு ஆரம்பத்தில் பாதிகூட மடங்கவில்லை. அவர் அதை வற்புறுத்தவும் இல்லை. வில்லை இழுக்கிறோம் என்ற நினைப்பிலேயே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கினார். ஐந்தாவது மாதம் ஒரு காலை, சுட்டுவிரல் செங்குத்தாக நின்றது. இட்லி மாவைக் கரண்டியால் கிண்டும்போது வலி இல்லை என்று அன்றைக்குத்தான் சொன்னார்.

இதில் மாயம் எதுவும் இல்லை. எட்டு அசைவுக்குள் உடம்பின் எடை இடக்காலுக்கும் வலக்காலுக்கும் மாறி மாறிப் போகிறது. நான்காவதில் உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்பிப் பின்னால் பார்க்கிறோம். நின்றபடி தலையைத் திருப்பும்போது தடுமாறாமல் இருக்க உடம்பு பழகுகிறது. சாலையைக் கடக்கும்போது முதியவர்களுக்கு அதுதானே வேண்டும்? எட்டாவதில் குதிகாலை ஏழு முறை தூக்கி இறக்குகிறோம். கெண்டைக்காலும் கணுக்காலும் வேலை செய்கின்றன. எல்லாம் மூச்சோடு சேர்ந்து மெதுவாக நடப்பதால் அவசரத்தில் செய்யும் தப்பு குறைகிறது. தரையில் உட்கார்ந்து எழ வேண்டியதில்லை. முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம்.

ஆதாரம் கேட்பவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். அமெரிக்காவின் ஓரிகனில் பார்க்கின்சன் நோயுள்ள 195 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. வாரம் இருமுறை, 24 வாரம் தாய்ச்சி செய்தவர்கள் நிலையாக நிற்பதில், தசை வலுப் பயிற்சியும் நீட்டல் பயிற்சியும் செய்த மற்ற இரு குழுக்களைவிட முன்னேறினார்கள். வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள். 2018இல் வந்த இன்னோர் ஆய்வில், விழும் ஆபத்து அதிகம் உள்ள, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 670 பேர் இருந்தார்கள். அவர்களில் தாய்ச்சி அடிப்படையிலான பயிற்சி செய்தவர்கள் விழுந்தது, நீட்டல் குழுவைவிட 58 விழுக்காடு குறைவு. இவை தாய்ச்சி ஆய்வுகள், பாதுவான்ஜின் ஆய்வுகள் அல்ல. பாதுவான்ஜினைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சீனாவில் நடந்தவை, சிறியவை, தரமும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் இரண்டும் ஒரே குடும்பம். தாய்ச்சியின் நீண்ட வரிசையை மனப்பாடம் செய்யத் திணறும் ஒருவருக்கு இந்த எட்டு எளிது. 2020 பிப்ரவரியில் வூஹானின் ஜியாங்சியா தற்காலிக மருத்துவமனையில், முகக்கவசம் போட்ட கொவிட் நோயாளிகள் படுக்கைகளுக்கு நடுவே நின்று செய்ததும் இதைத்தான்.

இதற்காக யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை ஆனவர்கள், முதுகெலும்பு தேய்ந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இந்த எச்சரிக்கைகள் தமிழில் சொல்லப்பட வேண்டும் என்பதுதான் என் பேச்சே.

இன்னொரு வேண்டுகோள். நம் ஆட்களை ஈர்க்க வேண்டும் என்பதற்காக, இதைக் காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மர்தான் சீனர்களுக்குக் கொடுத்தார் என்று அறிவிப்பில் போட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அப்படி ஒன்று சுற்றுகிறது. சீனாவின் சாங்ஷா நகருக்கருகே மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973இல் திறந்தபோது ஒரு பட்டுத்துணி கிடைத்தது. அதில் ஆணும் பெண்ணுமாக 44 உருவங்கள், கையை நீட்டியும் வளைந்தும் உடற்பயிற்சி செய்வதாக வரைந்திருக்கிறார்கள். போதிதர்மர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆறு நூற்றாண்டுக்கும் முந்தியது அது. அவர் பெயரில் வழங்கும் யீஜின்ஜிங் பயிற்சி நூலையும் 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாதுவான்ஜின் என்ற பெயர் 12ஆம் நூற்றாண்டுச் சோங் அரசமரபுக் காலத்து எழுத்தில் வருகிறது. எட்டுத் துண்டுப் பட்டு என்று பொருள். இன்று நாம் பார்க்கும் வடிவம், சீன அரசின் விளையாட்டுத் துறை பழைய முறைகளை ஆராய்ந்து 2003இல் சீர்படுத்தி வெளியிட்ட நான்கு பயிற்சிமுறைகளில் ஒன்று. நல்லதை அடுத்த வீட்டுக்காரரிடம் கற்றுக்கொள்ள நமக்கு வெட்கம் வேண்டியதில்லை. நன்றி சொல்லிக் கற்றுக்கொள்வோம்.

நமக்குத்தான் யோகா இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கட்டும், நானும் செய்கிறேன். ஆனால் முட்டி தேய்ந்த அம்மாவைப் பாயில் உட்காரவைத்து எழுப்ப இரண்டு பேர் வேண்டும். இது சாமி கும்பிடுவதா என்றும் சிலர் கேட்கிறார்கள். இல்லை. அம்மா திருநீறு பூசிக்கொண்டுதான் போய் வருகிறார்.

சரி, நான் கேட்பது என்ன? தனியாக ஒரு தமிழ் வகுப்பு வேண்டும் என்று கேட்கவில்லை. அப்படி ஒன்று தொடங்கினால் அம்மாவுக்கு அந்த ஆண்டி இருக்க மாட்டார். ஏற்கெனவே நடக்கிற குழுக்களிலேயே, பயிற்றுநருக்குப் பக்கத்தில் தமிழ் பேசும் ஒருவர் நிற்கட்டும். அதற்கு விருப்பமுள்ள பத்துப் பேரை, வேலை ஓய்வு பெற்றவர்களாக இருந்தாலும் சரி, தேர்ந்தெடுத்து முறையாகப் பயிற்சி கொடுங்கள். மாண்டரின் தெரிந்த தமிழர்களும் இங்கே இருக்கிறார்கள், அவர்களை அழையுங்கள். அந்த ஒலிப்பதிவுக்கு ஒரு தமிழ்க் குரல் வேண்டும். அப்புறம், முதியவர்களுக்கான துடிப்பாக மூப்படைதல் நிலையங்களின் அறிவிப்புப் பலகையில் ஓரிரு வரி தமிழ் இருந்தால், மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நம் பெரியவர்கள் நின்று வாசிப்பார்கள். விழாச் செலவில் ஒரு சிறு பங்கு போதும் இதற்கு.

பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் நான். அதனால் அந்த எட்டு வரிகளையும் நானே எழுதிப் பார்த்தேன். மொழிபெயர்ப்பாக எழுதவில்லை, அம்மா கேட்டவுடன் செய்யும்படி எழுதினேன். "இரு கையால் வானம் ஏந்து" முதல் வரி. "இடம் வலமாய் வில்லை வளை" அடுத்தது. நான்காவது, "உடல் திரும்பாமல் பின்னே பார்." ஆறாவதில் எச்சரிக்கையையும் சேர்த்துக் கட்டிவிட்டேன்: "இடுப்பிலிருந்து கை இறங்கட்டும், முழங்கால் வந்தால் போதும்." மற்றவர்களுக்கு அது நீளமாகத் தெரியலாம். அம்மாவின் மூச்சுக்கு அந்த நீளம் சரியாக இருக்கிறது. இப்போது அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்கிறார், ஆண்டி மாண்டரினில் சொல்கிறார், இரண்டும் ஒன்றாக முடிகின்றன.

ஐந்தாவதுதான் இன்னும் அமையவில்லை. தலையை அசைத்து வாலை ஆட்டி மனச்சூட்டைத் தணி என்பது போல வருகிறது சீன வரி. முதுகெலும்பின் நுனியைத்தான் வால் என்கிறார்கள். எப்படி எழுதினாலும் அம்மா அந்த இடத்தில் நின்றுவிடுகிறார். உங்களில் யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் சொல்லுங்கள். புதன், சனிக்கிழமைகளில் காலை ஏழரைக்குக் கீழேதான் இருக்கிறோம்.

அன்புடன்,
ஈசூன்வாசி ஒருத்தி